இருபத்தேழாம் நம்பருக்கு ஒரு கடிதம்

ஜூன் முப்பதாம் தேதி காலை, விளையாட்டு ரேடியோவுக்குப் போன் போட்ட ஒருவன் என் கணவனை வீட்டோட மாப்பிள்ளை என்றான்.

"கேப்டனை டிசம்பர்லயே வித்தாச்சு. கோல் காக்கற கோலியும் போயாச்சு. வீட்டோட மாப்பிள்ளைக்கு மட்டும் இடம் உறுதி! பாருங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மாமனார் லெட்டர் அனுப்பிடுவாரு. பந்தயம் கட்டறேன்."

டூகல் அப்போது முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். தோசைத்திருப்பியைக் கையில் வைத்தபடியே வந்து ரேடியோவை அணைத்தான்.

"அந்த ஆள் பந்தயத்துல தோத்துருவான் போலிருக்கு, அய்லி" என்றான்.

அவன் சொன்னதில் விளையாட்டு இல்லை. தண்டர் பே ரேவன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் இருபத்தேழாம் நம்பர் என் கணவன் டூகல். தற்காப்பு ஆட்டக்காரன். அணிக்கு ஆட்களை எடுப்பதும் விடுவதும் என் அப்பா ரெய்னோ ஹாராலாவின் வேலை. டூகலின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. ஆனால் அவன் வயதில் ஒப்பந்தம் முடிந்தாலும் முழு விடுதலை கிடைக்காது. ஐந்து மணிக்குள் கிளப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அவன் இன்னும் கிளப்பின் ஆள். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கடிதம் வராவிட்டால் கயிறு அறுந்தது. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம்.

போகலாம்தான். ஆனால் மாமனாரே வேண்டாம் என்று விட்ட ஆளை மற்ற ஊர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? முழங்காலில் ஏதோ கோளாறு என்பார்கள். குணத்தில் கோளாறு என்பார்கள். அதோடு எங்கள் வீடு இங்கே. என் வேலையும் இங்கே. ரேவன்ஸ் ஆடும் அரங்கத்தில் ஐஸ் போடும் குழுவுக்கு நான்தான் தலைவி.

நாங்கள் சந்தித்ததே அந்த ஐஸில்தான். ஊருக்குப் புதிதாக வந்த டூகல், ஒருநாள் பயிற்சி முடிந்ததும் நேராக, ஐஸை மெழுகும் என் வண்டியின் முன்னால் வந்து நின்றான். "நம்ம கோலுக்கு இடதுபக்க மூலையில ஐஸ் ரொம்ப இளகலா இருக்குங்க" என்று குறை சொன்னான். "நாள் முழுக்க நீ அங்கேயே விழுந்து புரண்டா ஐஸ் என்ன பண்ணும்?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றான். தன் தவறை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டோம்.

இன்றைக்கும் ஒவ்வொரு இடைவேளையிலும் அந்த மூலைக்குத்தான் நான் அதிகமாகத் தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. டிவியில் கோல் போடுகிறவனைக் காட்டுவார்கள். யார் எங்கே உழைத்தான் என்பது எனக்கு ஐஸில் தெரியும்.

பன்னிரண்டரை மணிக்கு ஷாண்டல் போன் செய்தாள். கிளப்பில் அப்பாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள்.

"அய்லி, உங்கப்பா எங்க?"

"ஆபீஸ்ல இல்லையா?"

"காலையிலேயே ஏழு பேரோட லெட்டரை அனுப்பச் சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எட்டாவது லெட்டர் என் மேசை மேலயே கிடக்கு. அதைப் பத்தி அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்னார். போன் அடிச்சா எடுக்கலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எட்டாவது யாரோடதுன்னு நான் சொல்லலை. நீயும் கேட்கலை."

"நான் எதுவும் கேட்கலை."

"எனக்கு அவர் வாயால ஒரு வார்த்தை போதும்."

சூ செயின்ட் மரியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "உங்கப்பா தனியா கேம்ப்புக்குப் போனா, ஏதோ தப்பு பண்ணப் போறார்னு அர்த்தம். பண்ணி முடிக்கிறதுக்குள்ள போ" என்றாள்.

அட்டிகோகனுக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மரவீட்டைத்தான் கேம்ப் என்போம். இரண்டேகால் மணி நேரம் வண்டி ஓட்டவேண்டும். சாவியை எடுக்கும்போது டூகல் வாசலில் வந்து நின்றான்.

"அய்லி, எனக்காகக் கெஞ்சாதே."

"கெஞ்சறதுக்கா நான் அவ்வளவு தூரம் போறேன்?"

"அனுப்ப இஷ்டமில்லைன்னா அனுப்பாம போகட்டும். ஆனா ஏன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். உன் ஆட்டம் சரியில்லைன்னு சொல்லட்டும், கேட்டுக்கறேன். உன்னைக் கட்டிக்கிட்டதுதான் காரணம்னா, அதுக்கு நான் யார்கிட்டயும் மன்னிப்பு கேட்கமாட்டேன்."

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, இளஞ்சிவப்புக் க்ரீம் தடவிய பெர்ஷியன் பன் நாலு வாங்கினேன். அப்பாவோடு சண்டைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. பசி வந்தால் அவர் பிடிவாதம் இரண்டு மடங்காகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது என் வண்டியில் மணி மூன்று இருபது. அப்பா சௌனா என்ற நீராவிக் குளியல் அறைக்கு முன்னால் பிர்ச் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அம்மா அனுப்பினாளா?"

"நானே வந்தேன்."

"அவன் அனுப்பினானா?"

"அவனுக்கு ஒரு பேர் இருக்குப்பா."

அப்பா அரங்கத்தில் அவனை இருபத்தேழு என்பார். வீட்டில் அவன் என்பார். டூகல் என்று வாய்விட்டு அவர் சொல்லி நான் கேட்டது எங்கள் கல்யாணத்தன்றுதான். அதுவும் எழுதி வைத்துப் படித்தார்.

பன் பெட்டியை வைக்க உள்ளே போனேன். அவரும் பின்னாலேயே வந்து சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மூணு இருபது. ஊர்ல இப்ப நாலு இருபது. இன்னும் நாப்பது நிமிஷம்தான். வந்தது வந்துட்டே, ஒரு காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.

வாயைத் திறக்கப் போனேன். சட்டென்று மூடிக்கொண்டேன்.

அட்டிகோகன்காரர்கள் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைப்பதில்லை. அதனால் கோடை முழுவதும் அவர்கள் எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருப்பார்கள். எங்கள் கேம்ப்புக் கடிகாரம் அட்டிகோகன் நேரத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்து ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வது எங்களுக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஆனால் மே மாதம் விக்டோரியா தினத்தன்று கேம்ப்பைத் திறந்து சுத்தம் செய்ய வந்தபோது, நான் அடுப்புக் குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டூகல் நாற்காலி மேல் ஏறினான். "அய்லி, உங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது பாரு" என்று முள்ளைத் திருப்பிவிட்டான். கிழக்குக் கடலோரத்தில், கேப் பிரெட்டனில் பிறந்தவனுக்கு அட்டிகோகனைப் பற்றி என்ன தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறந்தும் போனேன்.

ஆக, சுவரில் காட்டிய மூன்று இருபதுதான் ஊரிலும் மூன்று இருபது. அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. கேம்ப்புக்கு வந்தால் வாட்சைக் கழற்றி வண்டியிலேயே போட்டுவிடுவார். போனை அணைத்துக் காபித்தூள் டப்பாவுக்குள் வைத்துவிடுவார். அவர் கணக்குப்படி நாற்பது நிமிடம். உண்மையில் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம்.

நான் பேசாமல் காபி போட்டேன்.

"ஏன்ப்பா அனுப்பலை?"

"ரேடியோ கேட்கலையா நீ?"

"ரேடியோக்காரனா டீம் நடத்தறான்?"

"கேப்டனை வித்தப்ப என் வண்டிக் கண்ணாடியில 'மாமனார் கம்பெனி'ன்னு எழுதினாங்க. ட்ரெஸ்ஸிங் ரூம்ல பசங்க அவனைக் கிண்டல் பண்றாங்க. நான் அவனை வச்சுக்கிட்டா, மாப்பிள்ளைங்கறதால வச்சுக்கிட்டேம்பாங்க."

"அதனால மாப்பிள்ளைங்கறதால விரட்டறீங்க. அப்படித்தானே?"

அப்பா பன்னைக் கையில் எடுத்தார். கடிக்காமல் திரும்பவும் பெட்டியில் வைத்தார்.

"வேற யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் காலையிலேயே லெட்டர் போயிருக்கும். அந்த ஏழு பேர்ல அவனைவிட நல்லா ஆடறவன் யாரு? ஒருத்தன் பேரைச் சொல்லுங்க. நான் இப்பவே வண்டியைத் திருப்பறேன்."

"அய்லி..."

"உங்க பேர் கெடக்கூடாதுன்னு என் புருஷன் பேரைக் கெடுக்கறீங்க. நாளைக்கு ஊரெல்லாம் 'ஹாராலா எவ்வளவு நேர்மையான மனுஷன்'னு பேசும். உங்களுக்குக் கேட்க நல்லாருக்கும். அதுக்கு விலை குடுக்கறது நாங்க!"

எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சௌனா சூடாயிருக்கும்" என்று சொல்லி நடந்தார்.

இது பழைய தந்திரம். சௌனாவுக்குள் குரலை உயர்த்தக்கூடாது, சண்டை கூடாது. ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கோயிலைவிட அந்த மர அறைக்குத்தான் அதிக மரியாதை கொடுப்பார்கள். அம்மாவோடு எப்போது வாக்குவாதம் முற்றினாலும் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ச் சௌனாக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன்.

"உள்ளேதானே சண்டை போடக்கூடாது? நான் வெளியே இருக்கேன்!"

உள்ளே கல்லின் மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் உஸ்ஸென்று கேட்டது.

"கதவு மரம்தான்ப்பா. நல்லா கேட்கும்."

மறுபடியும் உஸ்ஸ்.

மிச்சமிருந்த நேரம் முழுவதும் நான் பேசினேன். அந்த இடது மூலையைப் பற்றிப் பேசினேன். ரேடியோவில் திட்டும்போதெல்லாம் டூகல் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாததைச் சொன்னேன். நாங்கள் ஊரை விட்டுப் போனால் ஐஸை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் உள்ளேயிருந்து, "அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்று ஒரு குரல் வந்தது.

பிறகு, "மணி என்ன?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். "கடிகாரத்துல நாலு" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

உள்ளே வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் சிவந்து, துண்டோடு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது. ஊர்ல அஞ்சாயிருச்சு."

நகத்தால் நாற்காலியின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன்" என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டே. "எதிராளி வேகமா வர்றப்ப முக்கால்வாசிப் பேர் அவன்மேல பாயறாங்க, இல்லைன்னா பின்வாங்கறாங்க. டூகல் ரெண்டும் செய்யமாட்டான். சுவரோரமா ஒரு வழி இருக்கறமாதிரி காட்டுவான். வர்றவன் அதை நம்பி அந்தப்பக்கம் திரும்புவான். திரும்பினதும் வழி இருக்காது. இதைக் கத்துக்குடுக்க முடியாது அய்லி. இப்படி ஒருத்தனை நான் தேடாத ஊரில்லை. கிடைச்சான். கிடைச்சவனை இன்னிக்கு நானே வாசல் வழியா அனுப்பிட்டேன்."

அவர் டூகல் என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"அப்படின்னா ஏன்?"

"கோலியை நினைச்சுப் பாரு."

நினைவிருந்தது. சம்பளத்தில் ஒத்துவராவிட்டால் ஆட்டக்காரன் நடுவர் விசாரணை கேட்கலாம். ஒரு ஹோட்டல் அறையில், முன்பின் தெரியாத ஒரு நடுவரின் முன்னால் இரண்டு தரப்பும் உட்காரும். ஆட்டக்காரனுக்கு என்னென்ன வராது, எங்கெங்கே சொதப்பினான் என்று கிளப் அவன் முகத்துக்கு நேராகவே படிக்கும். கடைசியில் சம்பளத்தை நடுவர் சொல்வார். போன கோடையில் அப்பா எங்கள் கோலியின் குறைகளை இரண்டு மணி நேரம் படித்தார். அந்தப் பையன் அழுதுகொண்டே வெளியே வந்தான். அதற்குப் பிறகு அப்பாவைப் பார்த்தால் வேறுபக்கம் நடப்பான். இந்த வசந்தத்தில் வேறு ஊருக்கே போய்விட்டான்.

"டூகலும் அங்கதான் போவான். அவன் ஏஜென்ட் விடமாட்டான். நான் உட்கார்ந்து அவன் குறையெல்லாம் படிக்கணும். ஊர்க்காரங்க பேசினா பேசிட்டுப் போறாங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கலாம். அந்த கோலி மாதிரி இவனும் என்னைப் பார்த்துட்டு வேறபக்கம் நடந்தா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மேசையில உட்கார வேண்டியவன். நீயும் அவன்கூடவே நடந்து போயிருவே. சரி, இனிமே பேசி என்ன. முடிஞ்சுபோச்சு."

"முடியலை" என்றேன்.

"என்ன?"

"மணி நாலுதான். ஊர்லயும் நாலுதான். போன மாசம் டூகல் கடிகாரத்தைத் திருப்பி வச்சுட்டான். தப்பா ஓடுதுன்னு நினைச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். துண்டோடு எழுந்து வீட்டுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்தார். ஈரக்காலோடு வண்டி வரைக்கும் நடந்து, வாட்சை எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் காது நுனிவரை சிவந்திருந்தது. அது சௌனாச் சூடு இல்லை.

"உனக்குத் தெரியுமா? வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏமாத்திட்டே!"

"ஏமாத்தலை. சும்மா இருந்தேன். நீங்க எட்டாவது லெட்டரை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, அந்தமாதிரி."

"அப்பாகிட்ட பேசற பேச்சா இது?"

"இப்ப நான் பேசறது அப்பாகிட்ட இல்ல. ரேவன்ஸ் மேனேஜர்கிட்ட." எழுந்து நின்றேன். "நடுவர்கிட்ட போனா நல்லதுதானே? சம்பளத்தை நீங்களா முடிவு பண்ணப் போறீங்க? யாரோ முன்பின் தெரியாத ஆள் பண்ணப் போறார். மாமனார் அள்ளிக் குடுத்துட்டார்னு எவன் சொல்லுவான்? நீங்க அங்க போய் உங்க மாப்பிள்ளையைப் பத்தி இருக்கற குறையெல்லாம் ஒண்ணு விடாமப் படிங்க. ரேடியோக்காரன் வாயை அடைக்க இதைவிட என்ன வேணும்?"

"அவன் முன்னாடியா?"

"அவன் முன்னாடி. அனுமதிச்சா என் முன்னாடியும். காலையில அவன் என்ன சொன்னான் தெரியுமா? மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும், கேட்டுக்கறேன்னான். அவன் அந்த கோலி இல்லைப்பா. நானும் அவனைக் கூட்டிக்கிட்டு ஓடறவ இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவோம். நீங்க கதவைச் சாத்தினாலும் வருவோம்."

காபித்தூள் டப்பாவைத் திறந்து போனை எடுத்தேன். தூளை ஊதித் தட்டிவிட்டு அவர் கையில் வைத்தேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொள்ளப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் கெஞ்சவில்லை. மீதியிருந்த பன்னில் ஒன்றைத் தின்றேன். பிறகு அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாறையின் மேல் ஏறினார். கேம்ப்பில் போன் வேலை செய்கிற ஒரே இடம் அதுதான்.

"ஷாண்டல்? மணி என்ன அங்க?... நாலரையா... நிச்சயமா? உன் பின்னாடி இருக்கற கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லு... சரி. அந்த லெட்டரை அனுப்பு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டும். கேட்டா, டீம்லயே நல்ல டிஃபென்ஸ்மேன் அவன்தான்னு ரெய்னோ ஹாராலா சொன்னான்னு எழுதிக்கச் சொல்லு. என் பேர் போட்டே எழுதட்டும்."

நானும் பாறை மேல் ஏறினேன். கால் மணி நேரம் கழித்து டூகல் என் போனில் கூப்பிட்டான்.

"வந்துருச்சு" என்றான். சிரிக்கவில்லை. "கெஞ்சினியா?"

"ஒரு வார்த்தை கெஞ்சலை. சௌனாக் கதவைக் கேட்டுப் பாரு."

"அப்ப உங்கப்பாகிட்ட சொல்லிடு. நான் நடுவர்கிட்ட போறேன். மாமனார் குடுத்த சம்பளம்னு ஒரு பைசா எனக்கு வேண்டாம்."

நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அப்பா காதை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வரச் சொல்லு!" என்று போனை நோக்கிக் கத்தினார். "ஒண்ணையும் விடமாட்டேன். வலதுபக்கம் திரும்பறப்ப கிழட்டுக் கடமான் மாதிரி திரும்பறானே, அதுலேர்ந்து ஆரம்பிப்பேன்!"

"கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றான் டூகல். "பெரிய நோட்டா எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வினிபெக் டீமோட ஆடினப்ப நான் பண்ணின கூத்தை அவர் பார்க்கலைன்னு நினைக்கிறேன்."

"பார்த்தேன், பார்த்தேன்!" என்றார் அப்பா.

கீழே இறங்கி வந்ததும் அவர் முதல் காரியமாக நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கடிகாரத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்.

"இது அட்டிகோகன். என் வீட்டுல அட்டிகோகன் நேரம்தான் ஓடும். அவன்கிட்ட சொல்லிவை" என்றார்.

நான் தடுக்கவில்லை. திருப்பிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டிய ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டாயிற்று.